அடைப்பு அறையின் சுவர்

வாடகை வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸில் ஒரு மாத வாடகையை வெள்ளையடிக்க என்று பிடித்துக்கொள்வது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். குடவாசல் மட்டுமில்லை, கும்பகோணம், திருவாரூர் எங்கே போனாலும் இதே கதைதான். ஓர் ஆணி அடிக்காமல், ஒரு காலண்டர் மாட்டாமல் சாமியார் மாதிரி குடியிருந்துவிட்டுப் போனாலும் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் காசில் வெள்ளையடித்தார்களா, பேரனுக்கு சைக்கிள் வாங்கினார்களா என்று யாரும் திரும்பிப் போய்ப் பார்த்ததில்லை. கல்யாணமாகி நான் நான்கைந்து வீடு மாறியவள். ஒவ்வொரு முறையும் சண்டை போட்டுவிட்டுத்தான் விட்டுக்கொடுத்திருக்கிறேன். உரக்கடையில் பில் போடுவது என் வேலை. மூட்டைக்கு அஞ்சு ரூபாய் குறையுங்க என்று நாளெல்லாம் நிற்கிற ஆட்களிடம் பேசிப் பேசி என் வாய் அப்படி ஆகிவிட்டது. பிறவியிலேயே அப்படித்தான் என்று என் மாமியார் சொல்வார்.

குடவாசலில் நாங்கள் கடைசியாகக் காலி செய்த மாடி வீட்டில் மட்டும் அந்தச் சண்டையைப் பாதியிலேயே விட்டுவிட்டு வந்தேன். ஏன் விட்டேன் என்று கடையில் கேட்டார்கள், சொந்தக்காரர்கள் கேட்டார்கள். யாருக்கும் நேராகப் பதில் சொல்லவில்லை.

வீட்டுக்கார அக்கா கீழ்வீட்டில் தனியாக இருந்தார். அவர் கணவர் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்து காலமானவர். இரண்டு மகன்களும் வளைகுடாவில். என்னை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். நோன்புக்கஞ்சி தூக்குவாளியில் மேலே வரும், பொங்கல் வெண்கலப் பானையோடு கீழே போகும். ஆனால் வாடகை என்று வந்துவிட்டால் அக்காவாவது தங்கச்சியாவது. ஐந்தாம் தேதி தாண்டினால் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும். எனக்கு அந்தக் கறார் பிடித்துத்தான் இருந்தது. நாளைக்கு என்ன பேசுவார் என்று தெரிந்த ஆளோடு பழகுவது சுலபம்.

மாடியில் ஒரு ஹால், ஒரு சமையலறை, அடுத்தடுத்து இரண்டு படுக்கையறைகள். அந்த இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு மரக்கதவு உண்டு. ஓர் அறை எங்களுக்கு, மற்றது மாமியாருக்கு. எங்கள் அறையில் மட்டும் ஏசி. அவருக்கும் ஒன்று போடலாம் என்று என் வீட்டுக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "அந்தக் குளிரு எனக்கு ஆவாது, பொணத்த வைக்கிற பெட்டி மாதிரி இருக்கு" என்று ஒரே பிடியாக மறுத்துவிட்டார். குளிர் வெளியே போகாமல் இருக்க ராத்திரி நடுக்கதவை எங்கள் பக்கம் தாழ் போட்டுக்கொள்வோம். ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடுங்கள் என்று ஒரு காலிங்பெல் சுவிட்சைக்கூட அவர் கட்டில் காலில் கட்டிவைத்தேன். அவர் அதை ஒருநாளும் அழுத்தியதில்லை.

குத்தாலம் பக்கத்துக் கிராமத்தில் இருந்த வீட்டை விற்றுவிட்டு மாமியார் எங்களோடு வந்த கொஞ்ச நாளில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்தோம். பிளேட் வைத்த டாக்டர், நடக்கலாம், நடக்கவேண்டும் என்றுதான் சொல்லி அனுப்பினார். வாக்கர் வாங்கி வந்தோம். அதைப் பார்த்துவிட்டு, "இந்த இரும்பு ஏணியப் புடிச்சிக்கிட்டு நான் தெருக்கூத்து ஆடணுமா?" என்றார். அன்றோடு சரி. கட்டிலே கதி. பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வந்தார். காலையிலும் ராத்திரியிலும் நாங்கள் தூக்கி நாற்காலியில் உட்கார்த்துவோம். காலை ஊன்றிப் பாருங்கள் அத்தை என்றால், "ஊன முடிஞ்சா ஊன மாட்டனா, எனக்கென்ன ஆசையா ஒன் கையில வந்து விழணும்னு?" என்று எரிந்து விழுவார். நான் பதிலுக்கு எரிந்து விழுவேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது காபியின் டிகாக்ஷனில் மட்டும்தான். அதில் எங்களுக்குள் பேதமே வந்ததில்லை.

ராத்திரிச் சாப்பாடு ஆனதும் தைல பாட்டிலை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். முட்டிக்கும் இடுப்புக்கும் அவரே தேய்த்துக்கொள்வார். என் கை அவர் காலில் படக்கூடாது. மகன் கையும் படக்கூடாது. உள்ளங்கையில் வழிய வழிய ஊற்றித் தேய்ப்பார். தலையணை, போர்வை, டம்ளர் எல்லாம் அந்தத் தைல வாடைதான். என் புடவையில்கூட வீசும். கடையில் மருந்து மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும்போதும் அந்த வாடை தனியாகத் தெரியும். அவரைத் திட்டியதைவிட அந்தத் தைலத்தைத் திட்டியதுதான் அதிகம்.

ஐப்பசி மழையில், சம்பா நடவு நடந்துகொண்டிருந்தபோது, ஒரு மத்தியானத் தூக்கத்தில் போய்விட்டார். பகலில் பார்த்துக்கொள்ளும் அம்மாள் டீ கொண்டுபோய் எழுப்பியபோதுதான் தெரிந்தது. நான் கடையிலிருந்து ஓடிவந்தேன். என் வீட்டுக்காரர் டிராக்டர் ஸ்பேர் கடை வைத்திருக்கிறார். கிரீஸ் கையோடு வந்து அம்மாவின் காலடியில் நின்றவர், தொடுவதற்குக் கையைக் கழுவிக்கொண்டு வரப் போனார். வெகுநேரம் குழாயடியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

பஞ்சாங்கம் பார்த்த பெரியவர் சதய நட்சத்திரம் என்றார். சொந்தக்காரர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த நட்சத்திரத்தில் உயிர் போனால் அடைப்பு. போனவர்கள் லேசில் இடத்தை விட்டுப் போகமாட்டார்களாம். உயிர் பிரிந்த அறையை ஆறு மாதம் யாரும் புழங்காமல் அடைத்துவைக்க வேண்டும். சாயங்காலமானால் அங்கே விளக்கேற்றி ஒரு செம்பு தண்ணீர் வைக்க வேண்டும். சொந்த வீட்டுக்காரர்களே இதற்கு முழிப்பார்கள். நாங்களோ வாடகைக்கு இருப்பவர்கள். நான்தான் படியிறங்கிப் போய் அக்காவிடம் சொன்னேன். வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

அக்கா முழுவதையும் கேட்டார். "எங்கள்ல புருசன் மவுத்தானா பொம்பளைங்க நாலு மாசம் பத்து நாள் வெளிய வராம இத்தா இருக்கோம்ல. அது மாதிரி இது ஒரு முறை. செஞ்சுக்கங்க. பெரியவன் சித்திரையிலதான் ஒரேயடியா ஊருக்கு வரான். அவனுக்குத்தான் மாடிய ஒழிச்சுக் குடுக்கணும். அதுவரைக்கும் எனக்கு என்ன?" என்றார். நான் கண் கலங்கிப் படியேறப் போனபோது பின்னாலிருந்து, "சுவர மட்டும் பாத்துக்கங்க தங்கச்சி" என்றார்.

கட்டிலை அப்புறப்படுத்தினோம். ஜன்னல்களைச் சாத்தினோம். கட்டிலின் தலைமாடு இருந்த மூலையில் ஒரு மண் அகல். அறையில் இருந்த பல்பு ஏற்கெனவே ஃப்யூஸ் போயிருந்தது. விளக்கு எரிகிற இடத்தில் பல்பு எதற்கு என்று என் வீட்டுக்காரர் மாற்றவில்லை. முதல் நாள் விளக்கை ஏற்றுவதற்கு நான் தீப்பெட்டியோடு போனேன். என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அன்று முதல் என்னை ஒருநாள்கூட ஏற்றவிட்டதில்லை. தை மாத அறுவடையில் ஸ்பேர் கடையில் கூட்டம் அலைமோதும். மெஷின் வயலில் நின்றுபோனால் பாகம் வாங்க வருகிறவர்கள் கத்துவார்கள். அந்த நேரத்திலும் பொழுது சாய்ந்தால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். விடியவிடிய எரியவேண்டும் என்று திரியைத் தடிமனாகத் திரிப்பார். எண்ணெய் தளும்பத் தளும்ப ஊற்றுவார். "இவ்வளவு பெரிய திரி எதுக்குங்க, புகையுது" என்றால் காதில் விழாத மாதிரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

விளக்கேற்றுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவர் வெளியே வர ரொம்ப நேரமாகும். வரும்போது முகம் வெளிறிப் போயிருக்கும். அம்மாவின் மேல் இவ்வளவு பாசமா என்று நினைத்துக்கொள்வேன். அம்மா உயிரோடு இருந்தபோது அந்த அறையில் அவர் உட்கார்ந்து பேசியது அபூர்வம். வாசற்படியில் நின்று, சாப்டாச்சா, மாத்திரை போட்டாச்சா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். இதையும் நான் அப்போதே கவனித்திருந்தேன். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பேய், பிசாசு என்பதை நான் நம்புகிறவள் இல்லை. ஆனால் அந்த ஆறு மாதமும் எனக்கு நன்றாக இருக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். மார்கழிக் குளிரில் ஏசியை நிறுத்தினோம். அதன் இரைச்சல் நின்றதும் வீட்டில் வேறு சத்தங்கள் கேட்க ஆரம்பித்தன. நடுக்கதவு மழை ஈரத்தில் ஊதி ஊதி முனகும். அறைக்குள் திரி பொரியும். பூட்டிக் கிடக்கிற அறையிலிருந்து கதவின் அடி இடுக்கு வழியாகத் தைல வாடை வரும். போர்வை, தலையணை எதுவும் அங்கே இல்லை, வாடை மட்டும் எப்படி? பாட்டில் எங்கேயாவது உருண்டு கிடக்கும் என்று சமாதானம் செய்துகொள்வேன். பயத்தை யாரிடமாவது சொன்னால் பயம் நிஜமாகிவிடும் என்று சொல்லாமல் இருந்தேன். என் வீட்டுக்காரர் எப்போதும் நடுக்கதவை ஒட்டிய பக்கம்தான் படுப்பார். அந்த மாதங்களில் கதவைப் பார்த்தபடியே படுத்திருந்தார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். எங்கள் இரண்டு பேரில் யார் முதலில் தூங்கினோம் என்று இன்றைக்கும் தெரியாது.

சித்திரையில் அடைப்பு முடிந்தது. சாஸ்திரி ஒரு சாயங்காலம் வந்து, புகையில் இருமிக்கொண்டே மந்திரம் சொல்லித் தண்ணீர் தெளித்துவிட்டு, அவசரமாகத் தட்சிணை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். மறுநாளே வீடு மாறுவதாக ஏற்பாடு. புது வீடு திருவாரூர் ரோட்டில்.

காலையில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அக்கா மேலே வந்து ஒவ்வோர் இடமாகப் பார்த்தார். சமையலறைக் குழாய் சொட்டுகிறதா, கண்ணாடி உடைந்திருக்கிறதா, எல்லாம் சரி. கடைசியில் அந்த அறையின் கதவைத் திறந்து வாசலில் நின்றபடியே அண்ணாந்து பார்த்தார். ஹால் வெளிச்சத்தில் கூரை மட்டும்தான் தெரிந்தது. அடுப்பங்கரை மாதிரி கரி.

"தங்கச்சி, இது வெள்ளையடிக்கிற கணக்குல வராது. எண்ணெப் புகை இது. பெயிண்டரு வந்து பாத்தான்னா பட்டி வைக்கணும், பிரைமர் அடிக்கணும்னு நீட்டுவான். ஒரு மாச வாடகை எப்பவும் புடிக்கிறது. இந்த ரூமுக்குன்னு தனியா இன்னொரு மாசத்தப் புடிச்சிக்கறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னக்கா, விட்டா மொத்த அட்வான்ஸுக்கும் சுண்ணாம்பு அடிச்சிடுவீங்க போலருக்கே?"

"சுவரப் பாத்துக்கங்கன்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

சொன்னார்தான். அதுதான் என் கோபத்தை அதிகமாக்கியது. "கரிதானே? சாயங்காலத்துக்குள்ள நானே தேய்ச்சுக் குடுத்துடறேன். அப்புறம் வந்து பாருங்க. போவலன்னா புடிச்சிக்கங்க" என்றேன்.

சரி என்று அக்கா இறங்கிப் போனார். என் வீட்டுக்காரர் வண்டியில் பீரோவைக் கட்டிக்கொண்டிருந்தவர் மேலே வந்தார். "கேக்கறதக் குடுத்துடு. அவங்க பெயிண்ட் அடிச்சிக்கட்டும். நீ அந்த ரூமுக்குள்ள போவாத" என்றார். காசு விஷயத்தில் அவர் எப்போதுமே ஏமாளி. அதோடு தூசி பட்டால் எனக்குத் தும்மல் வரும், அதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். "நீங்க சாமானப் பாத்து எறக்குங்க" என்று அனுப்பிவைத்தேன். இறக்கிவைத்துவிட்டுச் சாயங்காலம் வந்து, அகலை எடுத்துக்கொண்டு, சாவியைக் கொடுத்து, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போவதாகப் பேச்சு.

காலி வீட்டில் நானும் ஒரு வாளி வெந்நீரும் துணிசோடாவும் தேங்காய் நாரும் மிஞ்சினோம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த அறைக்குள் போனேன். முதல் காரியமாக ஜன்னல்களைத் திறந்தேன். கொக்கி துருப்பிடித்திருந்தது, தட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது. சித்திரை வெயில் சட்டென்று உள்ளே விழுந்தது. கண் கூசி ஒரு நிமிடம் ஜன்னல் பக்கமே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

சுவரில் ஒரு கை இருந்தது.

கருப்பாக, ஐந்து விரலும் விரித்து, என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. அதற்கு ஒரு முழம் தள்ளி இன்னொரு கை. அதற்கப்பால் இன்னொன்று. கட்டில் கிடந்த இடத்தில் தொடங்கிச் சுவரோரமாக வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மற்ற இடமெல்லாம் லேசான சாம்பல் நிறம், கைகள் மட்டும் மை பூசியது போல அடர்த்தியாக. நம்பாதவள் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன் அல்லவா, அந்தத் திமிரெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, தெருவில் போன ஐஸ்வண்டியின் மணியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் இருந்ததால்தான் விழாமல் நின்றேன்.

பிறகு கிட்டே போய்ப் பார்த்தேன். பாதி இடது கை, பாதி வலது கை. இடது கை எல்லாவற்றிலும் சுண்டுவிரல் குட்டை. என் மாமியாருக்கு இளவயதில் அரிவாள்மணையில் வெட்டுப்பட்டு இடது சுண்டுவிரலின் நுனி போய்விட்டது.

தைலக் கை. அவ்வளவுதான் விஷயம். எண்ணெய்க் கையை வைத்துவைத்து எடுத்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் பிசுபிசுத்திருக்கிறது. பூட்டிய அறையில் ஆறு மாதம் சுற்றிய விளக்குப்புகை, அந்தப் பிசுபிசுப்பில் வந்து ஒட்டி ஒட்டி அவர் கையை வரைந்துவிட்டது. காரணம் புரிந்ததும் பயம் போக வேண்டும் அல்லவா? போகவில்லை. ஏனென்றால் அதற்கப்புறம்தான் இன்னொன்று புரிந்தது. கட்டிலை விட்டு ஊன்றி நிற்க முடியாது என்று சொன்ன மனுஷி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். பகலில் ஆள் இருக்கும். தைலம் தேய்ப்பது ராத்திரியில். அப்படியானால் ராத்திரியில், இருட்டில், ஒருவருக்கும் தெரியாமல்.

எங்கே போயிருப்பார்? குளியலறைக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். குளியலறை வலது பக்கம். கைகள் இடது பக்கமாகப் போயின. அலமாரியைத் தாண்டி, மூலையில் திரும்பி, நடுக்கதவுக்கு வந்து நின்றன. கதவின் ஓரத்துச் சுவரில் கைகளை எண்ண முடியவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக, இடதும் வலதுமாக, அவ்வளவும் ஒரே இடத்தில். அவற்றுக்கு நடுவே, நெஞ்சு உயரத்தில், உள்ளங்கையளவு ஒரு வட்டம். அது என்னவென்று கொஞ்ச நேரம் விளங்கவில்லை. குனிந்து நின்று பார்த்தபோது விளங்கியது. நெற்றி. கூன் விழுந்த உடம்பு, சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்ற இடம்.

வந்திருக்கிறார். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, நாள்கணக்கில், மாதக்கணக்கில். அந்தப் பக்கம் நாங்கள் ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்திருக்கிறோம். இவர் இந்தப் பக்கம் நின்றிருக்கிறார். கதவைத் தட்டவில்லை, கூப்பிடவில்லை, மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பிப் போயிருக்கிறார். காலையில், என்னால் ஊன முடியாது என்று என்னிடம் எரிந்து விழுந்திருக்கிறார்.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. வாயில்லையா அத்தை உங்களுக்கு என்று சத்தம் போட்டே கேட்டேன். ஊரையே விலைக்கு வாங்குகிற வாய்தானே, ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டால் குறைந்தா போய்விடுவீர்கள்? பெல் கட்டிவைத்தேனே, அதை எதற்குக் கட்டினேன்? காலி வீடு என் சத்தத்தைத் திருப்பிக் கொடுத்தது. அப்புறம் அழுகை வந்தது. அவர் செத்த அன்றைக்குக்கூட அப்படி நான் அழவில்லை. தரையில் உட்கார்ந்து, வாளியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அழுது முடித்ததும் நினைவுக்கு வந்தது என் வீட்டுக்காரரின் முகம். சாயங்காலம் அகலை எடுக்க வருவார். ஜன்னலை மூடிவைத்தாலும் பகல் வெளிச்சம் கொஞ்சம் இருக்கும். அம்மா எழுந்து நடந்தார் என்பதைக்கூட அவர் தாங்கிக்கொள்வார். ஆனால் எங்கே நடந்து வந்தார் என்பதை அவர் பார்க்கவே கூடாது. ஆறு மாதம் ஒரு நாள் தவறாமல் விளக்கேற்றிய மனுஷனுக்கு, இத்தனை நாள் உன் தலைமாட்டுக்கு இந்தப்புறம் உன் அம்மா நின்றாள் என்று எப்படிக் காட்டுவது? அதற்கப்புறம் அவருக்குத் தூக்கம் உண்டா?

நாரைச் சோடாத் தண்ணீரில் முக்கி, கதவோரத்தை மட்டும் தேய்க்க ஆரம்பித்தேன். முதலில் நெற்றியைத்தான் தேய்த்தேன். கரி இழுகிக்கொண்டு பரவியது, போகவில்லை. அழுத்தித் தேய்த்தேன். ரோஸ் கலர் பெயிண்ட்டே உரிந்துகொண்டு வந்து, அடியில் இருந்த பழைய வெள்ளை தெரிந்தது. விரல் விரலாகப் போனது. என் கை கருத்தது. தைல வாடை அறை முழுக்கக் குப்பென்று எழும்பியது. அத்தை, உங்கள் பிள்ளைக்காகத்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே தேய்த்தேன்.

எப்போது வந்தார் என்று தெரியவில்லை, அக்கா நன்னாரி சர்பத் டம்ளரோடு வாசலில் நின்றிருந்தார். வெயில் வெளிச்சத்தில் சுவரைப் பார்த்துவிட்டார். "யா அல்லா" என்றபடி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டார்.

"அத்தையோட கைதாங்க்கா. எண்ணெக் கை" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா வரிசையைப் பார்த்துக்கொண்டே கட்டில் இருந்த இடத்திலிருந்து நடுக்கதவு வரைக்கும் மெதுவாக நடந்து வந்தார். ஒரு கையையும் தொடவில்லை.

"புடிச்சிக்கங்கக்கா. ரெண்டு மாசத்தையும் புடிச்சிக்கங்க. மிச்சத்த என்னால தேய்க்க முடியாது" என்றேன்.

அக்கா பணத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நடுக்கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார். பெரிய மகன் மருமகளோடு வந்து மாடியில் இருக்கப் போகிறான். "நான் கீழ படுக்கறவ" என்றார். "எனக்கு நடுவுல மாடிப்படி இருக்கு, தங்கச்சி." சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கிப் போனார். சர்பத்தை எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் சொன்னபடி வந்தார். அதற்குள் ஜன்னல்களைச் சாத்திவிட்டிருந்தேன். நான் ஹாலில் நின்றுகொண்டேன். அவர் உள்ளே போய் அகலை எடுத்தார். சீக்கிரம் வந்துவிடுவார் என்று பார்த்தேன், வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அகலைக் கையில் வைத்துக்கொண்டு, நான் தேய்த்துவைத்திருந்த வெள்ளையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். கரிக்கு நடுவே அந்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. இப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"உள்ள போவாதன்னு சொன்னேன்ல" என்றார். குரலில் கோபம் இல்லை.

"கூரைக் கரிய எடுக்கலாம்னு…" என்று இழுத்தேன்.

"கதவுகிட்ட இருந்தத நீ தொடச்சிருக்க வேணாம்."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தே பேசினார். "விளக்கு அந்த மூலைல இருந்துச்சுல்ல. அதனால கட்டிலு கிட்டதான் மொதல்ல தெரிஞ்சுது. மார்கழில ஒண்ணு. அப்பறம் பக்கத்துல ஒண்ணு. விளக்க ஏத்திட்டுப் பாப்பேன். தெனம் பாத்தா தெரியாது, நாலு நாள் கழிச்சுப் பாத்தா ஒண்ணு கூடியிருக்கும். கொஞ்சங் கொஞ்சமா நடந்து வந்தாங்க. அறுப்பு முடியறப்ப அலமாரியத் தாண்டிட்டாங்க. பங்குனில கதவுகிட்ட வந்து நின்னுட்டாங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். "இங்க வந்து நின்னாங்கன்னு நமக்கு எப்புடித் தெரியும்? ஏசி சத்தத்துல என்ன கேக்கும்? தெரிஞ்சிருந்தா கதவத் தெறந்திருக்க மாட்டமா?"

அவர் அகலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் எண்ணெய்கூட மிச்சமில்லை.

"செவுத்துல கை ஒரசற சத்தம் கேக்கும்" என்றார். "கதவுகிட்ட வந்ததும் நின்னுரும். நான் முழிச்சிக்கிட்டுத்தான் படுத்திருந்தேன்."